பழைய கிராபிக்ஸ் கார்டை மாற்றுதல் தகுமா?

1. வினாவின் இயல்பு

கணினியில் விளையாடும் பழக்கமுடைய மாணவ மாணவியர் பலர்க்குச் சில ஆண்டுகளுக்கொருமுறை ஒரு வினா எழுதல் இயல்பு. தம் கணினியிலுள்ள கிராபிக்ஸ் கார்டு பழையதாயிற்று. புதிய விளையாட்டுகள் அதில் தடுமாறுகின்றன. அதனை நீக்கிப் புதியதொன்று வாங்குதல் தகுமா, தகாதா என்பதே அவ்வினா. கடைக்காரரைக் கேட்பின் வாங்குக என்பர். பெற்றோரைக் கேட்பின் வேண்டா என்பர். முன்னவர் தம் வாணிகத்தை நோக்கியும் பின்னவர் தம் கைப்பொருளை நோக்கியும் கூறுகின்றனர். மாணாக்கனோ தன் ஆசை ஒன்றனையே நோக்குகின்றான். விஷயத்தை நோக்கி விடை கூறுவார் அரியர். அவ்வாறு நோக்குதற்குரிய முறையை ஒழுங்குபட எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இஃது அற்ப விஷயமன்றோ, கலாசாலைச் சஞ்சிகையில் இதற்கு இடமுண்டோ எனச் சிலர் வினவலாம். நடுத்தரமான புதிய அட்டை ஒன்றன் விலை நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு மாத வருவாய்க்கு ஒப்பாவது. அப்பொருளை ஈட்டியவர் தந்தையும் தாயும், செலவிடுவோர் பிள்ளைகள். பிறர் பொருளைக் கையாளும் உக்கிராணக்காரனுக்குரிய பொறுப்பு அப்பிள்ளைகட்கும் உண்டு. கோபுரங் கட்டப் புகுவானைப் பற்றி லூக்கா சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரத்தில் வரும் உவமையை நம் மாணாக்கர் அறிவர். செலவை முன்னரே எண்ணிப் பாராதவன் எய்தும் இழிவு கோபுரத்துக்கும் ஒன்றே, கணினிக்கும் ஒன்றே.

திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்னும் 47-ஆம் அதிகாரத்தையடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை முறையே வைத்தனர். அரசர்க்குக் கூறிய அம்முறை நம் சிறு வினாவிற்கும் பொருந்துதலின், அம்மூன்றனையும் பற்றுக்கோடாகக் கொண்டு மேற்செல்வாம்.

பொதுப்படக் கூறின் தெளிவு பிறவாது. ஆதலின் ஒரு குறிப்பிட்ட அட்டையை எடுத்துக்கொள்வாம். 2016-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் என்விடியா கம்பெனியார் ஜீபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1060 என்பதனை வெளியிட்டனர். அதன் நினைவகம் 6 ஜிகாபைட். அது கொள்ளும் மின்வலி 120 வாட். ஸ்டீம் என்னும் விளையாட்டு அங்காடியார் மாதந்தோறும் எடுக்கும் கணக்கில் 2022 வரை பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது இதுவே. இன்றும் விடுதி அறைகளிலும் இல்லங்களிலும் இது உழைத்து வருகின்றது. இதனையுடைய ஒரு மாணாக்கன் யாது செய்தல் வேண்டும்?

2. அட்டை செய்யும் தொழில்

மானிட்டரில் நாம் காணும் அசைவு உண்மையில் அசைவன்று. பிரேம் எனப்படும் தனித்தனிப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வருதலால் கண் அதனை அசைவென மயங்குகின்றது. அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட மானிட்டரில் ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள் உள. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், அட்டை ஒவ்வொரு நொடியிலும் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிடுதல் வேண்டும். 2560-க்கு 1440 என்னும் மானிட்டரில் புள்ளிகள் 36,86,400 ஆகும்; 3840-க்கு 2160 என்பதிலோ 82,94,400 ஆகும். அஃதாவது முதலதன் நான்மடங்கு. ஆகவே, அட்டை நன்றோ தீதோ என்பதனை மானிட்டரைக் கேளாது கூறலாகாது.

இத்தொழிலில் அட்டை தனித்து நிற்பதன்று. பகைவன் யாண்டுளன், உருண்ட கல் யாண்டு வீழும், எவ்வெப் பொருள் எவ்வெவ்விடத்து வரையப்படவேண்டும் என்பனவற்றைப் பிராசசர் முன்னர் வகுத்துக் கொடுக்கும். அட்டை அவற்றை வரைந்து முடிக்கும். சுவர், மரம், ஆடை முதலியவற்றின் மேற்பரப்புச் சித்திரங்கள் அட்டையின் நினைவகத்தில் தங்கும். அவ்விடம் போதாதாயின் அவை கணினியின் பொது நினைவகத்திலிருந்து அவ்வப்போது கொணரப்படும். அக்காலையிற் படம் திடீரென நின்று நின்று ஓடும். விடுதிச் சமையலறையில் ஒருவர் காய் நறுக்க மற்றொருவர் சமைக்கின்றார் என்க. நறுக்குபவர் தாமதித்தால் அடுப்பருகில் நிற்பவரை மாற்றிப் பயன் என்னை?

3. முதுமை நால்வகைத்து

அட்டை பழையதாயிற்று என்று ஒரு சொல்லாற் கூறுகின்றோம். ஆராயின் முதுமை நான்கு வகைப்படும். நான்கிற்கும் மருந்து வேறு வேறாம்.

முதலாவது, உடலின் முதுமை. விசிறியிலும் வெப்பம் போக்கும் தகட்டிலும் தூசி படிதல், சில்லுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை உலர்தல், விசிறியின் அச்சுத் தேய்தல் ஆகியவை இதன்பாற்படும். இவற்றாற் சில்லின் சூடு ஏறும். 1060 போன்ற அட்டை 83 பாகை செல்சியஸ் அளவை நெருங்கியவுடன் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். சித்திரை வைகாசி வெயிலில், காற்றோட்டமில்லாத அறையில் இஃது எளிதில் நேரும். இம்முதுமை மருந்துக்குட்பட்டது, செலவும் சிறிது.

இரண்டாவது, ஒப்புமையால் வரும் முதுமை. அட்டை முன்போலவே உழைக்கின்றது, விளையாட்டுகளோ பெருத்துவிட்டன. சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டு 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தபோது, 1060 அட்டையை அதன் ஆக்கியோர் நன்கு ஆடுதற்குரியவற்றுள் ஒன்றாகக் குறித்தனர். 2023-இல் தேவைப் பட்டியலைத் திருத்தியபோது அதே அட்டையைக் குறைந்தபட்சத் தேவையாக வைத்தனர். அட்டை ஒரு படியும் இறங்கவில்லை, ஏணிதான் உயர்ந்தது. இம்முதுமையைப் பகுதியளவிற் போக்கலாம்.

மூன்றாவது, உறுப்பின்மை. ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் அமைக்கும் ரே டிரேசிங் என்னும் முறைக்குத் தனியுறுப்பு வேண்டும். என்விடியா அட்டைகளில் இவ்வுறுப்பு 2018-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். வரிசை முதற்கொண்டே உண்டு. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025 மே மாதத்தில் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் என்பதும் இவ்வுறுப்பைக் கட்டாயமாக வேண்டுவன. 1060 அட்டையில் அஃது இல்லை. அமைப்புகளை எவ்வளவு குறைப்பினும் இக்குறை தீராது.

நான்காவது, ஆதரவின்மை. 1060 அடங்கிய பாஸ்கல் குடும்பத்துக்குப் புதிய விளையாட்டுகளை முன்னிட்டு வரும் டிரைவர் வெளியீடு 2025 அக்டோபருடன் முடிவடைந்தது. அதன்பின் 2028 அக்டோபர் வரை காலாண்டுக்கொருமுறை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வருமென அக்கம்பெனியார் அறிவித்துள்ளனர். இதனால் நேற்று ஓடிய விளையாட்டு இன்று நின்றுவிடாது. ஆயினும் இனி வருவனவற்றுள் பிழை தோன்றின் அதனைத் திருத்துவார் இலர். இம்முதுமை மெல்ல வருவது, அஞ்சவேண்டுவதன்று, எண்ணவேண்டுவது.

4. வலியறிதல்

நோய் இன்னதெனத் தெளியாமுன் மருந்து வாங்குதல் பேதைமை. தெளிதற்குக் காசு செலவில்லை. எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளொன்றை நிறுவி, விளையாடும்போதே சூடு, அட்டையின் உழைப்பு விழுக்காடு, நினைவக அளவு, நொடிக்குப் படங்கள் ஆகிய நான்கனையும் திரையின் மூலையிற் காணலாம். பின்வரும் சோதனைகளை முறையே செய்க.

அட்டையின் உழைப்பு 95 விழுக்காட்டுக்கு மேல் இடையறாது நிற்பின், தடை அட்டையிடத்ததே. 60, 70 விழுக்காட்டளவில் நின்றும் படங்கள் குறைவாயின், அட்டை வேலைக்குக் காத்திருக்கின்றது. தடை பெரும்பாலும் பிராசசரிடத்ததாம். இதனை உறுதிப்படுத்த, விளையாட்டின் திரையளவை 1920-க்கு 1080 என்பதிலிருந்து 1280-க்கு 720 எனக் குறைத்துப் பார்க்க. படங்கள் கூடினால் அட்டையே தடை; கூடாவிடின் அட்டை குற்றமற்றது. இடையிடையே மட்டும் படம் திக்குமாயின், மேற்பரப்புச் சித்திரங்களின் தரத்தை ஒருபடி இறக்குக. திக்குதல் நின்றால் நினைவகக் குறையென்று அறிக. கணினியின் பொது நினைவகம் 8 ஜிகாபைட் மட்டும் இருப்பின், அதனை 16 ஆக்குதலே சில இடங்களிற் போதிய மருந்தாகும்.

இச்சோதனையின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஒரு படத்தை வகுத்துக் கொடுக்கப் பிராசசர் 22 மில்லிநொடியும், அதனை வரைய அட்டை 25 மில்லிநொடியும் கொள்கின்றன என்க. இரண்டும் ஒருங்கே தத்தம் தொழிலைச் செய்தலின், தாமதிப்பதன் வேகமே முழுவேகம். 1000-த்தை 25-ஆல் வகுக்க நொடிக்கு 40 படங்கள் ஆயின. இப்பொழுது இருமடங்கு வலியுடைய புதிய அட்டையை வாங்குகின்றோம். அஃது 12 மில்லிநொடியில் வரைகின்றது. நொடிக்கு 80 படங்கள் வருமென எதிர்பார்ப்போம். வருவனவோ 45 மட்டுமே. ஏனெனின் பிராசசரின் 22 மில்லிநொடி மாறவில்லை. முப்பதினாயிரம் ரூபாய் கொடுத்து ஐந்து படங்கள் வாங்கினோம் என்பதே பொருள். இக்கணக்கை அறியாமையாலன்றோ பலர் புதிய அட்டை வாங்கியும் மனக்குறை நீங்காதிருக்கின்றனர்!

மானிட்டரையும் மறத்தலாகாது. நொடிக்கு 60 முறை மட்டும் புதுப்பிக்கும் மானிட்டர் உடையார்க்கு அட்டை 110 படங்கள் வரைந்து கொடுப்பினும், மானிட்டர் அவற்றை முழுமையாகக் காட்ட மாட்டாது.

5. செலவு மிகாது செய்யத்தக்கன

தடை அட்டையிடத்ததே என்று தெளிந்தபின்னும் கடைக்கு ஓடவேண்டுவதில்லை. முதலிற் கணினியை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கி, அட்டையை வெளியே எடுத்துத் தூசி போக்குக. காற்று ஊதுங்கால் விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொள்ளல் வேண்டும். ஐந்தாண்டு கடந்த அட்டையாயின், பழகிய கைவினைஞரைக் கொண்டு உலர்ந்த பசையைத் துடைத்துப் புதுப்பசை இடுவித்தல் நன்று. சூடு தணிந்தால் இழந்த வேகம் மீளும்.

அடுத்து, விளையாட்டின் அமைப்புகளைத் திருத்துக. எல்லாவற்றையும் ஒருசேரக் குறைத்தல் அறிவுடைமையன்று. நிழல், பிரதிபலிப்பு, புகைமூட்டம் என்பன அட்டையை மிக வருத்துவன. ஆடுங்கால் கண் அவற்றை மிகுதியும் நோக்குவதில்லை. இவற்றைக் குறைத்து, நினைவகம் இடந்தரின் மேற்பரப்புச் சித்திரங்களை உயர்ந்த நிலையிலேயே விடலாம். 70-க்கும் 35-க்கும் இடையே ஏறியிறங்கும் படவேகத்தைக் காட்டிலும் 45-இல் நிலைபெற்ற வேகம் கண்ணுக்கு இனிது.

மூன்றாவதாக, ஏ.எம்.டி. கம்பெனியார் 2021 ஜூனில் வெளியிட்ட எப்.எஸ்.ஆர். என்னும் உபாயம் உண்டு. அட்டை சிறிய அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவுறுத்துவது இது. அதன் முற்பட்ட வடிவங்கள் பிற கம்பெனியாரின் பழைய அட்டைகளிலும் தொழிற்படும். இதற்கெதிராக, என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். என்னும் உபாயம் ஆர்.டி.எக்ஸ். வரிசைக்கே உரியது. எப்.எஸ்.ஆர். இடம்பெற்ற விளையாட்டுகளில் 1060 உடையார் இன்னும் ஓராண்டு ஈராண்டு கழித்தல் கூடும்.

6. இடனறிதல்

இவ்வளவும் செய்து பார்த்தும் போதாது. மாற்றியே தீரவேண்டும் எனத் துணிந்தார் என்க. இனி நோக்கவேண்டுவது, புதிய அட்டை வந்து அமரும் இடம்.

மின்வலி முதலாவது. மதர்போர்டின் செருகுவாய் தரத்தக்கது 75 வாட். ஆறு ஊசிக் கம்பி மேலும் 75 வாட் தரும். எட்டு ஊசிக் கம்பி 150 வாட் தரும். 1060 அட்டைக்கு 400 வாட் பவர் சப்ளை போதுமென்றனர். 2023 ஜூனில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 கொள்வது 115 வாட். 2025 மே மாதத்தில் வந்த 5060 கொள்வது 145 வாட். இரண்டற்கும் 550 வாட் பவர் சப்ளை வேண்டுமென்பது என்விடியாவின் பரிந்துரை. அட்டை தானே கொள்ளும் அளவு சிறிதாயினும், கணப்பொழுதில் எழும் மின்வேட்கைக்கும் ஏனைய உறுப்புகளுக்கும் சேர்த்தே இப்பரிந்துரை. பெயரில்லாத மலிவுப் பவர் சப்ளையின்மேல் விலையுயர்ந்த அட்டையைப் பொருத்துதல் மணல்மேற் கட்டிய வீட்டை ஒக்கும்.

செருகுவாயின் தடங்கள் இரண்டாவது. 1060 பதினாறு தடங்களைப் பயன்கொள்ளும். 4060, 5060, ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600, 7600, இன்டெலின் ஆர்க் பி 580 ஆகியவை எட்டுத் தடங்களையே பயன்கொள்வன. மூன்றாம் தலைமுறைச் செருகுவாயுடைய பழைய மதர்போர்டில் இதனால் சிறிது இழப்புண்டு, பொறுக்கத்தக்கது. 2022 ஜனவரியில் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. நான்கு தடங்களே உடையது. அதன் நினைவகமும் 4 ஜிகாபைட்டே. பழைய மதர்போர்டில் அதன் இழப்பு மிகுதி. மலிவு கண்டு அதனை வாங்குதல் தகாது. ஆர்க் பி 580 நன்கு உழைத்தற்கு ரீசைசபிள் பார் என்னும் வசதி மதர்போர்டில் இருத்தல் இன்றியமையாதது; 2016, 2017-ஆம் ஆண்டுக் கணினிகளில் அதனைப் பெரும்பாலும் காண்டல் அரிது.

மூன்றாவது, அளவும் வாயில்களும். கேபினெட்டின் உள்நீளத்தை அளவுகோல் கொண்டு அளந்த பின்னரே அட்டை தெரிக. பழைய மானிட்டர் டி.வி.ஐ. வாயில் மட்டும் உடையதாயின், இக்காலத்து அட்டைகளில் அவ்வாயில் காணப்படாமை நினைவிலிருத்தற்குரியது.

நான்காவது பிராசசர். 1060 வாங்கிய காலத்தில் உடன் வாங்கியது பெரும்பாலும் இன்டெலின் ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறைப் பிராசசராயிருக்கும். அத்தலைமுறைகட்கு, மிகச் சில நீங்கலாக, விண்டோஸ் 11-இன் முறையான ஆதரவு இல்லை. விண்டோஸ் 10-இன் பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. எனவே, அட்டையை மாற்றினார் பவர் சப்ளையை மாற்றுவர். பின்னர்ப் பிராசசரை மாற்ற விரும்புவர். பிராசசர் மாறின் மதர்போர்டும் நினைவகமும் மாறவேண்டும். ஒரு சங்கிலியின் முதற்கண்ணியைப் பிடித்திழுத்தால் ஏனையவும் உடன்வரும். வாங்குமுன் அச்சங்கிலியின் முழுநீளத்தையும் கணக்கிடுதல் கடன். முழுவதும் மாற்றப் பொருளில்லையேல், எதிர்காலத்துப் புதுக்கணினிக்கும் கொண்டுசெல்லத்தக்க உறுப்புகளை மட்டும் முதலில் வாங்குதல் அறிவுடைமை. நல்ல பவர் சப்ளையும் அட்டையும் அத்தகையன.

7. காலமறிதல்

1060-இன் தொடக்கவிலை அமெரிக்காவில் 249 டாலர். பின்வந்தவற்றுள் ஆர்.டி.எக்ஸ். 2060 (2019) 349 டாலர். 3060 (2021) 329 டாலர். 4060 (2023) 299 டாலர். 5060 (2025) 299 டாலர். இவை வரி நீங்கலான விலை. நம் நாட்டில் 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் இறக்குமதிச் செலவும் வணிகர் ஊதியமும் சேரும். ஆதலின் வெளிநாட்டு விலையை ரூபாயாகப் பெருக்கிக் கடைக்காரரோடு வழக்கிடுதல் வீண்.

விலை ஏறியிறங்கும் காரணங்களையும் அறிதல் நன்று. 2020-இன் இறுதி முதல் 2022 வரை அட்டைகள் கிடைத்தற்கரியனவாயின. சில்லுப் பற்றாக்குறையும், ஈதரியம் என்னும் மறையீட்டு நாணயத்தை ஈட்டும் பொருட்டு அட்டைகளைக் குவித்தோரின் வேட்கையும் அதற்குக் காரணங்களாம். 2022 செப்டம்பர் 15-இல் ஈதரியம் அம்முறையைக் கைவிட்டது. சுரங்க வேலைக்கு உழைத்த அட்டைகள் பழஞ்சரக்குச் சந்தையிற் குவிந்தன. 2025-இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவை மிகுந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுகி ஏறிற்று. கணினி உறுப்புகளை வாங்குவோர் அச்சுமையை உணர்ந்தனர்.

இவற்றால் நாம் கொள்ளத்தக்க விதி யாது? இன்னும் சிறந்தது வருமென்று காத்திருப்பதற்கு எல்லையில்லை. எப்பொழுதும் ஒன்று வந்துகொண்டேயிருக்கும். வரவிருக்கும் விளையாட்டை நினைந்து இன்றே வாங்குதலும் தவறு. விளையாட்டு வெளிவந்து, அதனை நாம் உண்மையில் விரும்பி, நம் அட்டை அதற்குப் போதாமை சோதனையால் தெளிந்த அந்நாளே வாங்கும் காலமாம்.

8. கைமாறிய அட்டை

சென்னை ரிச்சி தெருவிலும் பிற நகரக் கடைகளிலும் நண்பர் வாயிலாகவும் கைமாறிய அட்டைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றை அறவே இகழ்தல் வேண்டா. ஆராயாது கொள்ளுதலும் வேண்டா. வாங்குமுன் கணினியிற் பொருத்தி அரைமணி நேரம் கடினமான விளையாட்டொன்றை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். திரையில் வண்ணப்புள்ளிகளோ கோடுகளோ தோன்றினும், விசிறி உராயும் ஒலி எழினும், சூடு தங்குதடையின்றி ஏறினும் நீக்கிவிடுக. சுரங்க வேலையில் உழைத்தது என்பது ஒன்றே குற்றமாகாது. விசிறியும் நினைவகமும் நல்லனவா என்பதே ஆராயத்தக்கது. முதற்சீட்டும் வரிசையெண்ணும் ஒத்திருப்பின் எஞ்சிய உத்தரவாதம் பயன்படுமா என்பதையும் கேட்டறிக. மிகப் பழைய அட்டையின் உள்மென்பொருளை மாற்றிப் புதிய பெயரிட்டு விற்கும் வஞ்சமும் உண்டு. ஜி.பி.யு.-இசட் என்னும் இலவச மென்பொருள் அத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

9. கணக்கு

விலையை மட்டும் நோக்காது, ஒரு மணி நேர விளையாட்டுக்கு அடங்கும் செலவை நோக்குக. அட்டையின் விலை 30,000 ரூபாய். உழைக்கும் காலம் நான்கு ஆண்டு எனக் கொள்வாம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஆடுவோன் நான்காண்டில் 1,248 மணி ஆடுவான். மணிக்கு ஏறத்தாழ 24 ரூபாய். வாரத்துக்கு இரண்டு மணி மட்டும் ஆடுவோனுக்கு 416 மணி. மணிக்கு 72 ரூபாய். பின்னவன் விடுமுறையில் மட்டும் ஆடுபவனாயின் செலவு இன்னும் ஏறும். வாங்கிய அட்டைக்கு ஈடுசெய்யும் பொருட்டு ஆடும் நேரத்தை மிகுதிப்படுத்துவேன் என்பானாயின், அவன் பணத்தோடு படிப்பையும் செலவிடுகின்றான் என்பது வெளிப்படை.

மின்செலவு குறையும் என்னும் சாக்கையும் எடைபோடுவாம். 185 வாட் கொள்ளும் ஆர்.எக்ஸ். 580 அட்டைக்கு மாற்றாக 115 வாட் கொள்ளும் 4060 வாங்கினால் மிச்சம் 70 வாட். வாரத்துக்கு ஆறு மணியாக ஆண்டுக்கு 312 மணி. மிச்சமாவது ஏறத்தாழ 22 யூனிட். இதனைக் கொண்டு அட்டையின் விலையை ஈடுசெய்ய ஒரு வாழ்நாள் போதாது. 1060 உடையார்க்கோ 120-க்கும் 115-க்கும் இடையே மிச்சம் என்று சொல்லத்தக்கது யாதுமில்லை.

10. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து மூவர்க்கு மூன்று விடை கூறுவாம்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரண்ட், டோட்டா 2 போன்றவற்றை 60 முறை புதுப்பிக்கும் மானிட்டரில் ஆடுவோன் அட்டையை மாற்றவேண்டா. தூசி போக்கி அமைப்புகளைத் திருத்திக்கொள்க. 2015-இல் வந்த விட்சர் 3, கணினிக்கு 2019-இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 முதலிய பெரும்படைப்புகளை இன்னும் ஆடாதவனுக்கும் இவ்விடையே. பின்னதற்கு அதன் ஆக்கியோர் பரிந்துரைத்த அட்டையே 1060 ஆகும். பழைய நூலைப் படியாதவனுக்கு அதுவே புதிய நூலன்றோ!

ரே டிரேசிங் உறுப்பைக் கட்டாயமாக வேண்டும் விளையாட்டுகளையே விரும்புவோன், தன் பிராசசரும் பவர் சப்ளையும் இடந்தருமாயின் மாற்றலாம். அங்ஙனம் மாற்றுங்கால் வலி இருமடங்கேனும் உயரும் அட்டையையே தெரிக. நூற்றுக்கு இருபது முப்பது உயர்வைக் கண் பொருட்படுத்தாது, பணப்பையே உணரும். 8 ஜிகாபைட் நினைவகம் இன்று கீழெல்லை. 12 அல்லது 16 கிடைப்பின் அட்டை நெடுநாள் உழைக்கும். 3060, பி 580 என்பன 12 ஜிகாபைட் உடையன. 2025-இல் வந்த ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி., ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. ஆகியவை 16 ஜிகாபைட் வடிவிலும் கிடைப்பன. பிராசசரும் பவர் சப்ளையும் இடந்தராவிடின், அட்டையை வாங்காது பொருளைச் சேர்த்துவைத்துப் பின்னர்க் கணினி முழுவதையும் மாற்றுக.

மூன்றாமவர், அட்டையைப் படிப்புக்கும் பயன்கொள்வோர். கணிதம், பௌதிகம், இயந்திரக் கற்றல் ஆகிய துறைகளில் என்விடியாவின் கூடா மென்பொருளைக் கையாள்வோர், 2025-இல் வந்த அதன் 13-ஆம் பதிப்பு பாஸ்கல் அட்டைகளை நீக்கிவிட்டமையை அறிதல் வேண்டும். பழைய பதிப்புகள் இன்னும் தொழிற்படுமாயினும், இவர்க்கு மாற்றுதல் ஆடம்பரமன்று. ஆயினும் தம் துறையின் ஆய்வகத்தில் உள்ள கருவி போதுமா என்பதை ஆசிரியரைக் கேட்டறிந்த பின்னரே வீட்டிற் பணம் கேட்பாராக.

ஈண்டுக் கூறிய சோதனைகள் அனைத்தும் ஒரு மாலைப்பொழுதில் முடிவன. சூடு, உழைப்பு, நினைவகம், படவேகம் என்னும் நான்கு எண்களையும், பவர் சப்ளையின் வாட்டையும், கேபினெட்டின் நீளத்தையும், வாரத்துக்கு ஆடும் மணியையும் ஒரு தாளில் எழுதுக. அத்தாளுடன் பெற்றோர்முன் செல்லும் மாணாக்கனுக்கு அவர் உடன்படினும் மறுப்பினும் மதிப்பு உண்டு. ஏனெனின் அவன் கேட்பது ஆசையின் பெயராலன்று, அறிவின் பெயரால். அத்தாளை எழுதி முடிக்குமுன்னரே வேண்டுவதில்லை எனத் தானே தெளிந்து எழுந்திருப்பானாயின், அவனுக்கு மிச்சமானது முப்பதினாயிரம் ரூபாய் மாத்திரமன்று. வேண்டியதனையும் விரும்பியதனையும் வேறு பிரித்தறியும் ஆற்றலை அவன் பெற்றனன். அவ்வாற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழையதாவதன்று.